களஞ்சியத்தில் மூடை குறைகிறது, கமரா எங்கே பூட்டுவது?

கேள்வி: ஐயா, அப்பாவுக்குச் சுகமில்லாமல் போன பிறகு எங்கள் மொத்த விற்பனைக் களஞ்சியத்தை நான்தான் பார்க்கிறேன். கன்னியா வீதியில் இருக்கிறது. 100 அடி நீளம், 60 அடி அகலம், தகட்டுக் கூரை. கிழக்குப் பக்கம் பெரிய ஷட்டர், பின்னால் ஒரு சின்னக் கதவு, ஷட்டருக்குப் பக்கத்தில் அலுவலக அறை. சீனி, மா, பருப்பு, அரிசி மூடைகள் கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கடைகளுக்கு இங்கிருந்துதான் போகின்றன. மாத முடிவில் கணக்கெடுத்தால் ஒவ்வொரு தடவையும் சில மூடைகள் குறைகின்றன. கமரா பூட்டும் ஒருவர் 16 கமராவுக்கு விலை தந்திருக்கிறார், பாதி வைஃபை. அவர் கீறித் தந்த படத்தையும் அனுப்பியிருக்கிறேன். 16 போதுமா? எத்தனை நாள் பதிவு இருக்க வேண்டும்? போனில் பார்க்கலாமா? அப்பா காலத்திலிருந்து மூடை சுமக்கும் நாட்டாமைமார் மனம் நோவார்களோ என்றும் யோசனையாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.
(வாசகி, திருகோணமலை)

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் இடத்துக்கு 8 கமரா போதும். அந்த எட்டில் மூன்றை வாசலுக்குக் கொடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 16இல் 11 கமரா கூரைத் தீராந்தியில், 18 அடி உயரத்தில், மண்டபத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. ஷட்டருக்கு ஒன்றுதான். நம் பக்கத்தில் நிறையக் களஞ்சியங்களில் இப்படித்தான் பூட்டியிருக்கிறார்கள். டீவியைப் போட்டால் இடம் முழுக்கத் தெரியும், பார்க்க நிறைவாக இருக்கும். மூடை குறைந்த பிறகு பதிவைத் திருப்பிப் போட்டால் ஆட்களின் உச்சந்தலையும் தோளில் ஒரு மூடையும் தெரியும். அது யார், எந்த மூடை, எந்த லொறிக்குப் போகிறது என்பது தெரியாது. 50 கிலோ மூடை மண்டபத்தின் நடுவில் காணாமல் போவதில்லை. அது ஒரு வாசலால் வெளியே போக வேண்டும். உங்களிடம் இரண்டு வாசல்தான் இருக்கின்றன. பணத்தை அங்கே போடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. மூடை வெளியேதான் போகிறது என்று எப்படித் தெரியும்? வரும்போதே குறைவாக வந்திருக்கலாம். கொழும்பிலிருந்து இரவு ஓடி விடியற்காலையில் வந்து நிற்கும் லொறியை அவசரமாக இறக்கும்போது, சிட்டையில் 200 என்று இருப்பதைப் பார்த்து 200 என்றே கையெழுத்துப் போடுவது நடக்கிற விஷயம். கிழிந்த மூடையைத் தனியாக எடுத்து வைத்து, கணக்கில் எழுத மறப்பதும் நடக்கும். ஒரு கடைக்கு 12 மூடை ஏற்றி 10க்குச் சிட்டை எழுதினாலும் மாத முடிவில் இரண்டு குறையும். அது களவா, கவனக்குறைவா என்று இப்போது உங்களிடம் இருக்கும் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே கமரா பூட்டும் வரைக்கும் காத்திராமல் நாளையிலிருந்தே ஒரு வேலையைத் தொடங்குங்கள். இறக்கும்போதும் ஏற்றும்போதும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும், பத்து மூடைக்கு ஒருதரம் நிறுத்தி இருவரும் சத்தமாகச் சொல்லட்டும், கடைசியில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். மாதம் ஒருமுறை எல்லாச் சாமானையும் எண்ணுவதோடு, கிழமைக்கு ஒருநாள் ஒரு சாமானை மட்டும் எண்ணுங்கள். இந்தக் கிழமை சீனி, அடுத்த கிழமை பருப்பு. குறைவு எந்தக் கிழமையில் நடந்தது என்று தெரிந்தால் ஏழு நாள் பதிவைப் பார்த்தால் போதும். தெரியாவிட்டால் முப்பது நாளையும் பார்க்க வேண்டும், அதை ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

சரி, வாசலுக்கு வருவோம். ஷட்டருக்கு இரண்டு கமரா, இரண்டுக்கும் வேலை வேறு.

முதலாவது முகத்துக்கு. அலுவலக அறையின் வெளிச்சுவரில், ஷட்டரிலிருந்து ஏறத்தாழ 15 அடி உள்ளே, 9 அடி உயரத்தில், வெளியே பார்த்தபடி பூட்டுங்கள். அதற்கு மேலே ஏற்றினால் தொப்பியும் தலையும்தான் விழும். உங்கள் ஷட்டர் கிழக்கைப் பார்ப்பதால் காலையில் வெயில் நேரே உள்ளே அடிக்கும். சாதாரண கமராவில் வாசல் வெள்ளையாக எரிந்து, உள்ளே வருபவர் கறுப்பு உருவமாகத் தெரிவார். இதற்கென்று டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி உண்டு. வெளிச்சமான பகுதிக்கும் இருட்டான பகுதிக்கும் தனித்தனியாக ஒளியளவு எடுத்து ஒரே படமாக்கித் தரும். அந்த வசதியின் அளவு 120 டெசிபல் என்று குறித்திருப்பதை வாங்குங்கள். பெட்டியில் வெறுமனே ‘டிஜிட்டல் டபிள்யூ.டி.ஆர்.’ என்று போட்டிருந்தால் அது எடுத்து முடித்த படத்தின் பிரகாசத்தை மாற்றுவது மட்டும்தான், இந்த வாசலுக்கு உதவாது.

இரண்டாவது கமரா எண்ணுவதற்கு. இதைப் பக்கச் சுவரில், 11 அல்லது 12 அடி உயரத்தில், வாசலுக்குக் குறுக்காகப் பார்க்கும்படி வையுங்கள். மூடை அடுக்கிலிருந்து தோளில் ஏறி, வாசலைக் கடந்து, லொறித் தட்டில் விழும் வரை ஒரே படத்தில் தெரிய வேண்டும். நேரே முன்னாலிருந்து எடுத்தால் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரை மறைப்பார், எண்ண முடியாது. பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொருவரும் படத்தைக் குறுக்கே கடப்பார்கள், எண்ணலாம். ஒரு பழைய நாட்டாமை சில நேரம் இரண்டு 25 கிலோ மூடைகளைச் சேர்த்துத் தூக்குவார். அதுவும் பக்கவாட்டில்தான் தெரியும்.

இந்தக் கமராவோடு ஒரு சின்ன வெள்ளைப் பலகை வாங்குங்கள், புத்தகக் கடையில் கிடைக்கும். லொறி நிரம்பியதும் லொறி இலக்கம், சிட்டை இலக்கம், மூடைக் கணக்கு மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, கமராவுக்கு முன்னால் ஐந்து செக்கன் பிடித்துவிட்டு லொறியை விடுங்கள். பிறகு ஒரு கடைக்காரர் “இரண்டு மூடை குறைவாக வந்தது” என்று மூதூரிலிருந்து போன் பண்ணினால், பலகை தெரியும் இடத்தைத் தேடிப் பிடித்து, அதற்கு முந்திய அரை மணி நேரத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தால் முடிந்தது. செலவில்லாத இந்தப் பழக்கம், கூடுதலாக வாங்கும் நாலு கமராவை விடப் பிரயோசனம் தரும்.

எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்பதை விலை தருபவர்கள் பெரிதாகப் பேசுவார்கள். மெகாபிக்சலைத் தனியே பார்த்துப் பிரயோசனமில்லை. அந்தப் பிக்சல்கள், அதாவது படத்தின் புள்ளிகள், எவ்வளவு அகலத்துக்குப் பரவுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐ.ஈ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஒரு கணக்குத் தந்தது. முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஒருவரை இன்னார் என்று சொல்ல 125. ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கண்டுகொள்ள 25.

இதை உங்கள் இடத்தில் போட்டுப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கமராவின் படம் 1920 பிக்சல் அகலம். கடைகளில் சாதாரணமாகத் தரும் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறத்தாழ 100 பாகை அகலத்தைப் பார்க்கும். அந்த இரண்டும் சேர்ந்தால் 250 பிக்சல் கிடைப்பது 10 அடி தூரம் வரைக்கும்தான். 60 அடிக்கு அப்பால் மீற்றருக்கு 45 பிக்சல்கூட வராது. படத்திலுள்ள அந்த 11 கமராவும் செய்யப்போவது இதைத்தான். உங்கள் முகக் கமராவுக்கு 4 மெகாபிக்சலும் 4 மில்லிமீற்றர் லென்ஸும் எடுத்தால் 15 அடியில் 300க்கு மேல் கிடைக்கும். அது போதும். 8 மெகாபிக்சல் தேவையில்லை. அது ஹார்ட் டிஸ்க்கைத் தின்னும், இரவு வெளிச்சத்திலும் படம் அவ்வளவு நன்றாக வராது.

மூன்றாவது பின் கதவுக்கு. உள்ளேயிருந்து கதவைப் பார்த்தபடி, அதே 9 அடி உயரம். அந்தக் கதவு பகலில் ஏன் திறக்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். காற்றுக்காகத் திறந்து வைப்பதென்றால் உள்பக்கம் ஒரு கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம், காற்றும் வரும்.

நான்காவது வெளியே கேற்றில், வாகன இலக்கத்துக்கு. இதற்கு அகலமாகப் பார்க்கும் கமரா சரிவராது. 12 மில்லிமீற்றர் அளவு ஒடுக்கமான லென்ஸ், வாகனம் வரும் திசையிலிருந்து 30 பாகைக்கு மேல் சாயாமல் நிற்க வேண்டும். இரவில் இலக்கத் தகடு கமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், வெறும் வெள்ளைச் சதுரமாகத் தெரியும். கமராவின் ஷட்டர் வேகத்தை (ஒரு படத்துக்கு ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/500 செக்கன் அளவுக்குக் கூட்டினால் எழுத்துத் தெளியும், சுற்றுப்புறம் இருண்டுவிடும். அதனால் இந்தக் கமராவிடம் இலக்கத்தை மட்டும் எதிர்பாருங்கள். இரவில் லொறி வராத இடமென்றால் இந்தச் சிரமம் உங்களுக்கு இல்லை.

மண்டபத்துக்கு இரண்டு. அடுக்குகளுக்கு மேலாகப் பார்ப்பதை விட்டு, நடைபாதைகளின் அந்தத்தில் நின்று நீளவாக்கில் பார்க்கும்படி பூட்டுங்கள். மூடை அடுக்கு உயர்ந்தால் மேலேயிருந்து பார்க்கும் கமராவுக்குப் பின்பக்கம் மறைந்துவிடும், நடைபாதை எப்போதும் திறந்திருக்கும். ஏழாவது அலுவலகத்தில், காசும் சிட்டையும் மாறும் மேசைக்கு. எட்டாவது வெளியே, பின் மதில் பக்கம்.

வெளிக் கமராக்களில் அசைவு எச்சரிக்கை போட்டால் இரவு முழுக்கப் போன் அடிக்கும் என்று பலர் அதை நிறுத்தியே விடுகிறார்கள். உங்கள் பக்கம் மாடும் நாயும், நகருக்குள் என்றால் மானும் இரவில் உலாவும். ஆள், வாகனம் இரண்டையும் மட்டும் பிரித்தறிந்து எச்சரிக்கும் வசதி இப்போது நடுத்தர விலைக் கமராக்களிலும் வருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். களஞ்சியம் பூட்டிய பிறகு திறக்கும் வரைக்குமான நேரத்துக்கு மட்டும் எச்சரிக்கை வேலை செய்யும்படி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வைஃபை கமரா வேண்டாம். தகட்டுக் கூரையும், தகட்டுச் சுவரும், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய மூடைகளும் அலையை விழுங்கிவிடும். இன்றைக்கு அடுக்கு தாழ்வாக இருப்பதால் படம் வரும், நாளைக்கு ஒரு லொறி மா இறக்கினால் வராது. வைஃபை என்றாலும் கரண்டுக்கு ஒரு வயர் இழுக்கத்தானே வேண்டும்? அதற்குப் பதில் பி.ஓ.ஈ. முறையில் ஒரே கேபிளில் படமும் கரண்டும் போகும். இதற்கான கேட்-6 என்ற வலையமைப்புக் கேபிள் 100 மீற்றர் வரை சரியாக வேலை செய்யும். உங்கள் அலுவலகத்திலிருந்து தூரத்து மூலைக்கு, ஏற்ற இறக்கம் சேர்த்தாலும் 70 மீற்றர் வராது.

அந்தக் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே கமரா பழுதாவதை விட வயரும் மூட்டும் பழுதாவதுதான் அதிகம்.

முதலில், முழுச் செம்புக் கேபிள் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள் தாராளமாக விற்கிறது. நீளம் கூடினால் அதில் கரண்ட் விழும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கமரா அணைந்து அணைந்து வரும். ஒரு நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது, எலி. மாவும் பருப்பும் இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இராது. மேலே ஓடும் கேபிளைப் பி.வி.சி. குழாயில் விடுங்கள். தரையிலிருந்து 6 அடி வரைக்கும், மூடை அடுக்குகளை ஒட்டி ஓடும் இடத்திலும் இரும்புக் குழாயில் விடுங்கள். பிளாஸ்டிக் கேசிங் பட்டியை எலி ஒரே இரவில் அரித்துவிடும்.

மூன்றாவது, உப்பு. கன்னியா வீதி உப்புவெளிக் கடற்கரையைப் போல இல்லைதான், ஆனாலும் வாடைக் காற்று ஈரத்தையும் உப்பையும் அங்கு வரைக்கும் கொண்டுவரும். கார்த்திகை, மார்கழி மழை முடிந்து தை மாதத்தில் ஒரு வெளிக் கமராவின் மூட்டைத் திறந்து பாருங்கள். கமராவிலிருந்து தொங்கும் அந்தச் சின்ன இணைப்பு முனையின் எட்டுச் செப்பு ஊசிகளிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், இரண்டு மூன்று ஊசி கறுத்துத் தேய்ந்திருக்கும். சுற்றியிருந்த கறுப்பு டேப் ஈரத்தைத் தடுக்காமல் உள்ளே பிடித்து வைத்திருக்கும். கமராவில் ஒரு குறையும் இருக்காது, அது 67ஆம் தர நீர்காப்போடு வந்தது. மூட்டுத்தான் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு வெளிக் கமராவுக்கும் பின்னால் ஒரு மூடிய பெட்டி கட்டாயம் வேண்டும், மூட்டு அதற்குள் இருக்க வேண்டும். பெட்டியின் மேலும் பக்கமும் சிலிக்கன் பூசுங்கள், அடியில் பூச வேண்டாம், உள்ளே புகுந்த ஈரம் வடிய வழி வேண்டும். கேபிள் பெட்டிக்குள் ஏறுமுன் ஒரு சாண் கீழே இறங்கி வளைந்து ஏறட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஆணிகள் 316 தரத் துருவேறா உருக்கில் இருக்கட்டும். 304 தரமும் பளபளவென்றுதான் இருக்கும், கடற்காற்றில் கறை பிடிக்கும்.

நான்காவது, மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடி எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேற்றுக் கமரா தனிக் கம்பத்தில் நிற்பதால் அந்தக் கேபிள் வழியாக மின்னல் உள்ளே வந்து ரெக்கோடரையும் சேர்த்து எரிக்கலாம். அந்த ஒரு கமராவுக்கு மட்டும் நிலத்தடிக் குழாயில் ஃபைபர் கேபிள் போடுங்கள், கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கம்பத்துக்குக் கரண்ட் தனியாகப் போவதால் அந்த வழியில், திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஒரு சேர்ஜ் காப்பும் நல்ல எர்த்தும் இருக்கட்டும். மற்ற வெளிக் கமராவைத் தாழ்வாரத்துக்குள் ஒதுக்கிப் பூட்டினாலே வெயிலும் மழையும் பாதி குறையும்.

கமராவின் வடிவம் பற்றி: கண்ணாடிக் குமிழ் போட்ட டோம் வகையை மாக் களஞ்சியத்துக்கு எடுக்காதீர்கள். குமிழில் மாத்தூள் படிந்து, இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் அதிலேயே பட்டுத் திரும்பிப் படம் பனி மூட்டமாகிவிடும். கண் உருண்டை போலத் திருப்பிப் பூட்டும் டரட் வகை நல்லது. எதுவானாலும் சிலந்தி வரும், விளக்கின் சூட்டுக்குப் பூச்சி, பூச்சிக்குச் சிலந்தி. மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடையுங்கள். கச்சான் காற்றில் புழுதி பறக்கும் மாதங்களில் வெளிக் கமராக்களை இரண்டு கிழமைக்கு ஒருதரம் துடையுங்கள்.

இனிப் பதிவு. உங்கள் விலைப் பட்டியலில் 4 டெராபைட் டிஸ்க் ஒன்று இருக்கிறது, 16 கமராவுக்கு. 4 மெகாபிக்சல் கமரா, படத்தைச் சுருக்கி எழுதும் எச்.265 முறையில் செக்கனுக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒருநாளைக்கு 43 ஜிகாபைட் ஆகும். 16 கமராவுக்கு 690. அந்த டிஸ்க் ஆறாம் நாளே நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். நீங்கள் மாத முடிவில்தான் குறைவைக் காண்கிறீர்கள். அன்றைக்குக் கையில் இருப்பது கடைசிக் கிழமை மட்டும்தான். இந்தக் கணக்கை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாதக் கணக்கெடுப்புக்கு 40 நாள் பதிவு வேண்டும். வாசல் கமரா மூன்றும் இடைவிடாமல் எழுதட்டும், ஒருநாளைக்கு 130 ஜிகாபைட், 40 நாளுக்கு 5.2 டெராபைட். மற்ற ஐந்தும் அசைவு வரும்போது மட்டும் எழுதட்டும். நாளில் கால்வாசி நேரம் எழுதுமென்று வைத்தால் 40 நாளுக்கு 2.2 டெராபைட். மொத்தம் 7.4. ஆக 8 டெராபைட் டிஸ்க் ஒன்று. வாசல் கமராவை அசைவுப் பதிவில் விடாதீர்கள், தேவைப்படும் அந்த இரண்டு செக்கன் தவறிப் போகலாம். டிஸ்க், கண்காணிப்புக்கென்றே செய்தவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும், டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் போல. சாதாரண கணினி டிஸ்க் இரவும் பகலும் எழுதுவதற்குச் செய்யப்பட்டதல்ல.

ரெக்கோடரை டீவிக்குக் கீழே மேசையில் வைக்காதீர்கள். உள்ளே புகுந்தவர் முதலில் அதைத்தான் தூக்குவார். பூட்டுப் போட்ட, காற்றோட்டமுள்ள இரும்புப் பெட்டியில், வெள்ளம் எட்டாத உயரத்தில், 5 அடிக்கு மேல் சுவரில் பூட்டுங்கள். அதன் மணிக்கூடு சரியாக ஓடுகிறதா என்று திங்கட்கிழமை தோறும் போனோடு ஒப்பிடுங்கள். சிட்டையில் 10.20, பதிவில் 9.48 என்று இருந்தால் இரண்டையும் பொருத்தி எதையும் நிறுவ முடியாது.

கரண்ட்: 8 கமராவும் ரெக்கோடரும் சேர்ந்து 90 வாட் அளவு இழுக்கும். விலைப் பட்டியலில் உள்ள 650 வி.ஏ. யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. சின்ன வெட்டுகளுக்கு அது போதும். 2022இல் பட்டது போல மணிக்கணக்கில் போனால் 100 ஆம்பியர்-மணி பற்றரியோடு ஒரு இன்வெர்ட்டர் வேண்டும், ஐந்து மணி நேரமளவு ஓடும். இதைப் பிறகும் சேர்க்கலாம்.

போனில் பார்க்கலாம். ஒரு கமராவின் முழுத் தரப் படத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் 1.8 ஜிகாபைட் டேட்டா போகும், ஆகவே செயலியில் குறைந்த தரப் படத்தைத் தெரிவு செய்யுங்கள். பூட்டுபவர் ரவுட்டரில் ‘போர்ட்’, அதாவது இணையத்திலிருந்து நேரே உள்ளே வரும் வழி, திறக்க வேண்டும் என்றால் விடாதீர்கள், கமரா நிறுவனத்தின் செயலி வழியே இணைத்தால் போதும். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது, அதில் கமராக்களும் ரெக்கோடர்களும் நிறைய. கம்பனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதுதான் காரணம். தலைமைப் பாஸ்வேர்டை நீங்களே, அவர் பார்க்காமல், போடுங்கள். மேற்பார்வையாளருக்குப் பார்க்க மட்டும் உரிமையுள்ள வேறு கணக்கு கொடுங்கள், அழிக்கும் உரிமை வேண்டாம்.

நாட்டாமைமாரைப் பற்றிக் கேட்டீர்களே, அதை நீங்கள் யோசித்ததே நல்லது. அப்பாவோடு இருபது வருடம் மூடை சுமந்தவர் ஒருநாள் காலையில் வந்து தலைக்கு மேலே கமராவைக் கண்டால், தன்னைக் கள்ளன் என்று சொன்னதாகவே எடுப்பார். பூட்டுவதற்கு முன்னமே எல்லோரையும் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, நீங்களே சொல்லுங்கள். மூடை குறைகிறது, யாரென்று எனக்குத் தெரியாது, யாரையும் சொல்லவும் இல்லை, இனி ஏற்றும் இறக்கும் கணக்கு எல்லோருக்கும் முன்னால் நடக்கும் என்று. அது அவர்களுக்கும் பாதுகாப்பு. கடைக்காரர் இரண்டு குறைவென்றால் இதுவரை பழி முதலில் விழுந்தது சுமந்தவர் மேல்தான், சாரதி மேல் அல்ல. இனிமேல் பதிவைப் போட்டுக் காட்டலாம். முதல் தடவை ஒரு நாட்டாமையின் பக்கம் நியாயம் இருப்பதைப் பதிவு காட்டும்போது, அதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள்.

கழிவறை, உடை மாற்றும் இடம், சாப்பிட்டு ஆறும் இடம், தொழும் இடம் எதையும் எந்தக் கமராவும் பார்க்கக் கூடாது. ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள், மூடை எண்ணப் பேச்சு வேண்டியதில்லை. கேற்றிலும் ஷட்டரிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்புப் பலகை வையுங்கள். ஒருவரின் முகமும் தனிப்பட்ட தரவுதான், அதற்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பதிவை யார், எப்போது, ஏன் பார்த்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பதிவில் எதையாவது கண்டால் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், முகநூலில் கட்டாயம் போடாதீர்கள். பிழையான ஆளைச் சொல்லிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. பொலிசுக்குப் போகும் அளவென்றால் அந்தப் பகுதியை ரெக்கோடரிலிருந்து அப்படியே, வெட்டாமல், பென் டிரைவுக்கு எடுத்து, எடுத்த நேரத்தை எழுதி, மூலப் பதிவு அழியாதபடி பூட்டி வையுங்கள். நிகழ்வு நடக்கும்போதே எடுத்த பதிவுகளைச் சான்றாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன் உங்கள் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி விலை தந்தவரிடம் போய், 8 கமராவுக்கு, நான் சொன்ன இடங்களுக்குப் புதிதாக விலை கேளுங்கள். கேபிளின் தரம், டிஸ்க்கின் அளவு, ஒவ்வொரு கமராவின் லென்ஸ், பழுது பார்க்கும் காலம் நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ரெக்கோடர் மட்டும் 16 கமரா இணைக்கக்கூடியதாக இருக்கட்டும், பின்னால் கூட்டலாம். பணத்தில் கால்வாசியைப் பிடித்து வைத்து, இரவுச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்திராத ஒருவரைப் பின் கதவால் வரச் சொல்லுங்கள், பதிவில் முகம் தெரிகிறதா பாருங்கள். அடுத்த நாள் காலை எட்டு மணி வெயிலில் ஷட்டரைத் திறந்து, 20 மூடை ஏற்றச் சொல்லி, எண்ணாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அவர் 20 என்று சொன்னால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். 19 என்றால் எண்ணும் கமராவை இடம் மாற்றச் சொல்லுங்கள்.